எனக்கு ஒத்துக்கல

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை. சீட்டை நீட்டிவிட்டு, "தம்பி, இந்த மாத்திரையில பால் கலந்திருக்குமா?" என்று கேட்டேன். கடைப்பையன் சிரித்தான். "இரும்புச் சத்து மாத்திரைம்மா இது. இதுல பால் எதுக்கு?" எனக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்போது என் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே சோகை. மூன்று மாடி ஏறி வகுப்புக்குப் போனால் முதல் ஐந்து நிமிடம் என்னால் பேச முடியாது. வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதுபோல் நடித்து மூச்சு வாங்கிக்கொள்வேன். மருத்துவர் சொன்ன உணவுப் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பாலில் கரைத்த சத்துமாவு, கோதுமைக் கஞ்சி, கடலை மிட்டாய், பேரீச்சை. பால் குடித்தால் எனக்கு வயிறு ஊதி இரவெல்லாம் தூக்கம் போகும். கோதுமை பட்டால் இரண்டு நாள் வயிற்றோட்டம். வேர்க்கடலை தின்றால் உதடு தடித்துவிடும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் வி.ஆர்.ஐ. ரகக் கடலை விதைக்கிற வட்டாரத்தில் பிறந்துவிட்டு, கடலை ஆகாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பட்டியலில் எனக்கு மிஞ்சியது பேரீச்சை மட்டும்.

வீட்டுக்கு வந்து அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். இரும்பு உப்பின் பெயரும் அளவும் இருந்தன. ஃபோலிக் ஆசிட் இருந்தது. அதற்குக் கீழே 'எக்ஸிபியண்ட்ஸ் க்யூ.எஸ்.' மாத்திரையை மாத்திரையாகத் திரட்டி நிறுத்துகிற மாவு, சர்க்கரை, பசை எல்லாம் சேர்ந்துதான் எக்ஸிபியண்ட்ஸ். க்யூ.எஸ். என்பது 'போதுமான அளவு' என்று பொருள்படும் இலத்தீன் சுருக்கம். எது போதும், யாருக்குப் போதும் என்பது அட்டையில் இல்லை.

எனக்கு ஒத்துக்கொள்ளும் ஒரு மாத்திரையைத் தேடத் தொடங்கியதுதான், இரும்பும் பெண்களும் சேர்ந்த ஒரு பழைய கதைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதை நெடுகப் பெண்கள் "எனக்கு ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டவர்கள் அதைப் பிடிவாதம் என்றோ அறியாமை என்றோ எழுதிவைத்திருக்கிறார்கள்.

மண் தின்றவர்கள்

விருத்தாசலம் பீங்கான் ஊர். பொம்மையும் அகலும் கோப்பையுமாகப் பட்டறைகளில் வார்த்தெடுக்கிறார்கள். அச்சில் களிமண் ஊற்றி, காய்ந்ததும் பிசிறு நீக்கி, அடுக்கிவைக்கும் வேலையில் பெண்கள் அதிகம். என் பெரியம்மா அப்படி ஒரு பட்டறைக்கு மங்கலம்பேட்டையிலிருந்து பேருந்தில் போய்வந்தவர். இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருந்தபோது மடியில் வெள்ளைக் களிமண் வில்லையை முடிந்துகொண்டு வருவார். யாரும் பார்க்காதபோது ஒரு விள்ளல் வாய்க்குள் போகும். மாமியார் கண்டுபிடித்து 'மண்ணுதின்னி' என்று தெரு கேட்கத் திட்டினார். அந்தப் பெயர் பெரியம்மாவுக்குக் கடைசிவரை நிலைத்தது.

மருத்துவம் இதற்கு 'பைக்கா' என்று பெயர் வைத்திருக்கிறது. மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, ஐஸ்கட்டி என்று உணவல்லாததையும் சமைக்காததையும் தின்னத் தோன்றும் ஆசை. எல்லா மண் ஆசைக்கும் சோகை காரணமில்லை. ஆனால் இரும்புச் சத்துக் குறைந்தவர்களிடம் இது மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. இரும்பு ஏறியதும் பலருக்கு ஆசை தானாக நின்றுவிடுகிறது. கொடுமை என்னவென்றால், சிலவகைக் களிமண் குடலில் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. குறைவால் தின்றது குறைவைக் கூட்டுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு வெட்கம் வந்தது. புறநானூற்றின் 20ஆம் பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. கருவுற்ற பெண்கள் வேட்கையால் உண்பார்களே தவிர, உன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது என்பது அதில் வரும் புகழ்ச்சி. மன்னனின் காவல் வலிமை என்று எழுதிப்போடுவேன், மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். 'வயா' என்ற சொல்லுக்குக் கருவுற்றவளின் வேட்கை என்று பொருளும் சொல்வேன். அவள் ஏன் மண் தின்றாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. புலவர் ஒரு பெண்ணுடலைப் பார்த்திருக்கிறார், அதை அரசனின் பெருமைக்கு உவமையாக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். நானும் அவரோடே நகர்ந்திருக்கிறேன்.

கல்யாணம் என்னும் மருந்து

வெளுத்துப்போன பெண்ணை ஐரோப்பிய மருத்துவமும் வெகுகாலம் இப்படித்தான் பார்த்தது. ஜெர்மானிய மருத்துவர் யோகன்னஸ் லாங்கே 1554இல் வெளியான ஒரு கடிதத்தில் இதைக் 'கன்னியர் நோய்' என்றார். நண்பர் ஒருவரின் மகள் வெளுத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கி, இறைச்சியை வெறுத்துக் கிடந்தாள். அவர் சொன்ன மருந்து, சீக்கிரம் திருமணம் செய்துவையுங்கள் என்பது. நம் வீடுகளில் 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடிதம் அந்நியமாக இருக்காது. உண்மையில் கல்யாணத்தோடு அடுத்தடுத்த பேறுகள் வரும். ஒவ்வொரு பேறும் இருக்கிற இரும்பையும் எடுத்துக்கொண்டு போகும்.

1681இல் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத்தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். 1832இல் பிரான்சின் பியர் ப்லோ, ஃபெரஸ் சல்பேட்டைப் பொட்டாசியம் கார்பனேட்டோடு சேர்த்து மாத்திரை செய்தார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரைக்கு அது மூதாதை.

அந்த ஃபெரஸ் சல்பேட் நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக்கடையில் 'அன்னபேதி' என்று கேட்டால் கிடைக்கும் பச்சை உப்பு அதுதான். சித்த மருத்துவர்கள் அதைச் செந்தூரமாக்கி வெளுப்புக்கும் பாண்டுவுக்கும் கொடுத்தார்கள். அந்த மரபில் என்னைக் கவர்ந்தது 'அனுபானம்' என்ற ஏற்பாடு. மருந்து ஒன்றாக இருக்கலாம். அதை எதில் குழைத்துக் கொடுப்பது, தேனிலா, நெய்யிலா, மோரிலா, வெந்நீரிலா என்பது ஆளையும் நோயையும் பார்த்து மாறும். கொடுக்கிற வழியும் மருந்தின் பாகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைச் சொல்லிப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. முறையாகச் செய்யாத செந்தூரம் ஆபத்து. முறையாகப் படித்த சித்த மருத்துவர் தராமல் யாரும் தொடக்கூடாது. அதே மரபின் பேரால்தான் பிள்ளை பெற்றவளுக்குக் கீரையையும் பழத்தையும் மீனையும் பத்தியம் என்று தடுத்தார்கள். ஆட்டின் சுவரொட்டி இரத்தம் ஊறவைக்கும் என்று ஊருக்கே தெரியும். ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி. அது என் வீட்டில் அப்பாவின் தட்டுக்கும் அண்ணனின் தட்டுக்கும் போனதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆயா கடைசியாக உட்கார்ந்து சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை வழித்து உண்பார்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டவர்

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் லூசி வில்ஸ். 1888இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். பெண்களுக்கு முழுப் பட்டம் அந்தப் பல்கலைக்கழகம் 1948இல்தான் கொடுத்தது. பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் படித்து மருத்துவரானார். 1928இல் மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவரின் அழைப்பில் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சோகை இரும்புக்கு அடங்கவில்லை. வில்ஸ் கிருமியைத் தேடினார். அது காரணமாகத் தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதினார். ஏழைப் பெண்களின் சாப்பாட்டில் பழமும் காயும் கீரையும் புரதமும் மிகக் குறைவு. அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1929இல் ஆய்வைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு மாற்றினார். 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் சாதி-கோஷா மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1885இல் மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனை அது. ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்றிருந்த 'சாதிப் பெண்களுக்கும்' கோஷா அணிந்தவர்களுக்கும் என்று பெயரிலேயே எழுதிவைத்திருந்தார்கள். எந்தப் பெண்ணின் நோய் முதலில் கவனிக்கப்பட்டது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இப்போது அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. சென்னைக்காரர்களுக்கு இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'.

வில்ஸ் கண்டுபிடித்த மருந்து மார்மைட். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுப்புக் குழம்பு, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பது, விலையும் குறைவு. கொடுத்த சில நாட்களில் பெண்கள் தேறினார்கள். 1931இல் இதை வெளியிட்டார். அதில் இருந்த பொருளுக்கு வெகுகாலம் 'வில்ஸ் காரணி' என்றே பெயர். 1941இல் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். அரசு கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இதுதான். பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்களும் திருவல்லிக்கேணிக்கு வந்த பெண்களும் ஒவ்வொரு கர்ப்பிணியின் மாத்திரையிலும் இருக்கிறார்கள். வில்ஸின் பெயர் நமக்குத் தெரியும். அவர்களின் பெயர் தெரியாது.

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. மார்மைட்டில் பார்லி முதலான தானியங்களின் புரதம் உண்டு. அன்று நான் அந்த வார்டில் கிடந்திருந்தால், எல்லோரையும் தேற்றிய மருந்தே எனக்கு வயிற்றோட்டம் கொடுத்திருக்கக்கூடும்.

நூறு மாத்திரை

1970இல் இந்திய அரசு ஊட்டச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையைத் தடுக்க ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணிக்கு நாளுக்கு ஒன்றாக நூறு நாள் இரும்பு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை. 2013இல் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை நாடெங்கும் வந்தது. 2018இல் 'அனீமியா முக்த் பாரத்'. நூறு நாள் இப்போது நூற்றெண்பது நாளாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் பேரீச்சையும் வருகின்றன.

இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பணம் கொடுத்து வாங்க முடியாத கோடிப் பெண்களுக்கு இலவச மாத்திரை பெரிய விஷயம். ஆனாலும் 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம். கர்ப்ப காலத்தில் நூற்றெண்பது நாளும் மாத்திரை விழுங்கியவர்கள் நாட்டில் 26 சதவீதம் மட்டுமே.

மீதிப் பேர் ஏன் விழுங்கவில்லை? சிலருக்கு மாத்திரை கிடைக்கவில்லை. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. மிகப் பலருக்குக் குமட்டல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், வாயில் துருச் சுவை. இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, 'ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று சொல்லிவிடுகிறோம்.

நானும் சொல்லியிருக்கிறேன். என் வகுப்பில் மயங்கி விழுந்த மாணவி ஒருத்தி, கொடுத்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டியது தெரிந்ததும், "படிச்ச பொண்ணு இப்படிச் செய்யலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "எனக்கு ஒத்துக்கல மேடம்" என்றாள். "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து நான் மருந்துக்கடையில் நின்று அதே சொல்லைச் சொன்னபோது எனக்குக் கிடைத்தது சிரிப்பு. அவளுக்கு நான் கொடுத்தது அதைவிட மோசம்.

2017இல் சூரிச்சில் இரும்புக் குறைவுள்ள இளம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். இரும்பு மாத்திரை விழுங்கியதும் கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற சுரப்பைக் கூட்டுகிறது. அது ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. ஆகவே நாள்தோறும் விழுங்கியவர்களைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியவர்களின் உடம்பு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பை எடுத்துக்கொண்டது. 'தெனமும் முழுங்க முடியல, விட்டு விட்டுத்தான் சாப்பிடறேன்' என்று தலை குனிந்து சொன்ன பெண்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. கர்ப்பிணிகளும் கடும் சோகை உள்ளவர்களும் மருத்துவர் சொன்ன கணக்கைத் தாங்களாக மாற்றக்கூடாது. ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதை ஒரு தகவலாக யாராவது குறித்துவைத்திருந்தால், இந்தக் கேள்வி இன்னும் முன்பே எழுந்திருக்கும்.

மாத்திரைக்குள் இருப்பது

பால் எதற்கு என்று கடைப்பையன் கேட்டானே, அதற்கு விடை உண்டு. பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் மாத்திரையை நிரப்பப் பரவலாகப் பயன்படும் பொருள். ஒரு மாத்திரையில் இருப்பது கொஞ்சம்தான்; பால் செரிக்காத பலருக்கு அது ஒன்றும் செய்யாது. பால் புரதமே ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டியது 'லாக்டோஃபெரின்' சேர்ந்த இரும்பு மருந்துகளை. அது பசும்பாலிலிருந்து எடுக்கும் புரதம். மாவு பெரும்பாலும் சோளமாவாக இருக்கும். சிலவற்றில் கோதுமை மாவும் இருக்கலாம். மென்கூட்டுக் குளிகையில் சோயா எண்ணெயோ கடலை எண்ணெயோ இருக்க வாய்ப்புண்டு. கூடு பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. டானிக்கில் இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டால் மெல்லிய குடலுள்ளவர்களுக்குப் பேதியாகும்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. கடையில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்தில் பால், கோதுமை, கடலை, சோயா இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உணவுத் துணைப்பொருள் என்று பதிவான இரும்புப் புட்டிக்கும் அதே விதிதான். உள்ளே இருப்பது முழுவதும் எழுதியிருக்கும். மருந்து என்று பதிவான மாத்திரையில் நிறத்தின் பெயரைச் சொல்வார்கள். மற்றது பெரும்பாலும் 'போதுமான அளவு' என்பதோடு முடிந்துவிடும். நோயாளி விழுங்குவதைவிட, பசிக்கு ஒருவர் கொறிப்பது அதிக வெளிப்படையாக இருக்கிறது.

நான் அட்டைகளில் இருந்த முகவரிகளுக்கு எழுதினேன். மூன்று நிறுவனங்களில் ஒன்று பதில் போட்டது: சோளமாவு, செல்லுலோஸ், பாலும் இல்லை, கோதுமையும் இல்லை, கடலை எண்ணெயும் இல்லை. ஒரு அரசு மருத்துவமனையின் பெண் மருத்துவர் அந்தப் பதிலை முழுக்கப் படித்தார். பிறகு இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காத இரண்டு கேள்விகளைக் கேட்டார். மாதவிடாயில் எத்தனை நாள் இரத்தம் போகிறது? கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சீலியாக் நோய்க்குச் சோதித்தாயிற்றா? சீலியாக்கில் குடலின் உட்பூச்சு அழிந்து இரும்பு உள்ளே ஏறாது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் சோகை போகாது. வட இந்தியாவோடு ஒப்பிட்டால் அரிசி உண்ணும் தெற்கில் அந்த நோய் குறைவு. அதனாலேயே இங்கே பலருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. சோதனைக்கு முன் கோதுமையை முழுக்க நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அந்த நோய் இல்லை. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்த இரத்தத்துக்குக் காரணம் அதுதான்.

ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. தேநீர் இரண்டு மணி நேரம் தள்ளி. கட்டிக்கான சிகிச்சையும் நடந்தது. ஐந்து மாதத்தில் 11.6. மாத்திரை எதுவும் ஆகாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, கேட்டுப் பெறலாம்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. 'ஒத்துக்கல' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எது, எவ்வளவு, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில், என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். 1928இல் லூசி வில்ஸ் பம்பாயில் எழுதியதும் அப்படி ஒரு கணக்குத்தான். கேட்கும் இடத்தில் இருப்பவர்கள், ஆசிரியர்களும் செவிலியர்களும் அம்மாக்களும், அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிக்காமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

அந்த மாணவிக்கு இப்போது கல்யாணமாகி உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறாள். போன மாதம் பேசினேன். அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துட்டேன் மேடம்" என்றாள். அவள் மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டால் என்ன செய்யும் என்று இந்த முறை கேட்டேன். பத்து நிமிடம் சொன்னாள். குறித்துக்கொண்டேன்.